அளக்குங் கருவியும் அதன் நினைவும்



மோட்டார் வண்டியில் அமைந்த வானொலிப் பெட்டியை உங்களிற் பலர் கையாண்டிருப்பீர்கள். அதன் முகப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்ட சில பொத்தான்கள் உள்ளன. விருப்பமான நிலையத்தைத் தேடிப் பிடித்தபின் ஒரு பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்தால், அந்நிலையம் அப்பொத்தானுக்கு உரியதாகிவிடும். மறுநாள் பொத்தானைத் தொட்ட அளவில் அதே நிலையம் ஒலிக்கும். ஆனால், வண்டியின் பற்றறியைக் கழற்றிப் புதியதைப் பூட்டியதும், சில பெட்டிகளில் இவை யாவும் மறைந்துபோவதையும் கண்டிருப்பீர்கள். பெட்டி பழுதுபடவில்லை; பொத்தான்களும் உள்ளவாறே இருக்கின்றன. மறைந்தது பெட்டியின் நினைவு ஒன்றே.

இலத்திரனியற் சோதனைக் கருவிகளுக்கும் இத்தகைய நினைவு உண்டு. அக்கருவிகள் தம் அமைவுகளை நினைவில் வைத்திருப்பது எங்ஙனம், அவற்றை வட்டில் எழுதிப் பேணுவது எங்ஙனம், அவ்வாறு பேணியதை எவ்வளவுக்கு நம்பலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் இன்று விடை காண முயல்வோம். இது பொறியியலாளர்க்கே உரிய செய்தி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வைத்தியசாலையில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியைச் செப்பஞ்செய்பவரும், ஒலிபரப்பு நிலையத்தைக் காப்பவரும், பட்டினத்துக் கடையில் இருந்து தொலைக்காட்சிப் பெட்டி திருத்துபவரும், உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவரும் இத்தகைய கருவிகளையே நாடுகின்றனர். அவர்கள் அளந்து சொல்லும் எண்களை நம்பியே நாம் வாழ்கின்றோம்.

இக்கருவிகளுள் தலைசிறந்ததாகக் கொள்ளத்தக்கது அலைவுகாட்டி. 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞரான கார்ள் பேர்டினண்ட் பிரவுண் கதோட்டுக் கதிர்க் குழாயை அமைத்து, மாறும் மின்னின் போக்கைக் கண்ணாற் காண வழிசெய்தார். கம்பியில்லாத் தந்தி பற்றிய பணிகளுக்காக 1909ஆம் ஆண்டில் மார்க்கோனியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. அலைவுகாட்டியின் திரையிற் சிறு கட்டங்கள் வரையப்பட்டிருக்கும். மேலுங் கீழுமாகச் செல்லும் கட்டங்கள் மின்னழுத்தத்தைக் குறிப்பன. இடமிருந்து வலமாகச் செல்வன காலத்தைக் குறிப்பன. ஒரு கட்டத்துக்கு எத்தனை உவோற்று, ஒரு கட்டத்துக்கு எத்தனை மில்லிசெக்கன், எந்தக் கணத்திலிருந்து படத்தை வரையத் தொடங்குவது என்பனவற்றை அளப்பவரே தீர்மானிக்க வேண்டும். குமிழ்களும் ஆளிகளும் அதற்காகவே அமைந்தவை. அவையெல்லாம் நிற்கும் நிலைகளின் தொகுதியை அமைவு என்று இப்பேச்சிற் குறிப்போம்.

அமைவு மாறினால் காட்சி எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். நம் நாட்டு மின்வழங்கலின் மீடிறன் 50 ஹேட்ஸ். ஆகவே ஓர் அலை முழுமையாக எழுந்து விழ 20 மில்லிசெக்கன் செல்லும். பாதுகாப்பான மணிமாற்றி ஒன்றினால், அதாவது மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் திரான்ஸ்போமர் ஒன்றினால், சில உவோற்றுகளாகக் குறைத்த அந்த அலையை அலைவுகாட்டியில் இட்டோம் என்று கொள்க. திரையில் குறுக்காகப் பத்துக் கட்டங்கள் உள. ஒரு கட்டத்துக்கு 5 மில்லிசெக்கன் என வைத்தால் 50 மில்லிசெக்கன் காலம் திரையில் அடங்கும்; இரண்டரை அலைகள் அழகுறத் தோன்றும். அதே குமிழை ஒரு கட்டத்துக்கு அரை மில்லிசெக்கன் என வைத்தாலோ, திரையில் அடங்குவது 5 மில்லிசெக்கன் மாத்திரமே. அலையின் காற்பங்கு, மலைச்சரிவின் ஒரு துண்டு போலத் தோன்றும். அலையை அறியாதவர் அதனை அலை என்றே கொள்ளமாட்டார். வந்த மின் ஒன்றே. கேட்ட கேள்வி வேறு. ஆதலால் கிடைத்த விடையும் வேறு.

ஆகவே, அளந்து பெற்ற எண்ணையோ படத்தையோ ஒருவர் நமக்குக் காட்டும்பொழுது, அது எந்த அமைவிற் பெறப்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு விடை சொல்ல இயலாதாயின் அந்த அளவீட்டை மற்றொருவர் மீண்டும் செய்து சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத அளவீடு கேள்விச் செய்தியாகவே நின்றுவிடும். அமைவைப் பேணுவதன் அடிப்படைப் பயன் இதுவே; நேரத்தை மிச்சப்படுத்துவது அதற்கு அடுத்த பயன்.

பழைய கருவிகளில் இத்தொல்லை வேறு வடிவில் இருந்தது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலே தொடங்கப்பெற்ற டெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம், மறு ஆண்டில் 511 என்னும் அலைவுகாட்டியை வெளியிட்டது. அதுவும் அதன் வழிவந்த கருவிகளும் முகப்பு நிறையக் குமிழ்களைக் கொண்டவை. அக்குமிழ்களின் சிறப்பு ஒன்றை இன்று நாம் மறந்துவிட்டோம். குமிழானது கருவிக்கு ஆணையிடும் உறுப்பாகவும் அவ்வாணையை நினைவில் வைத்திருக்கும் உறுப்பாகவும் ஒருங்கே பணிபுரிந்தது. மாலையில் மின்னை நிறுத்தி மறுநாட் காலையில் மீண்டும் கொடுத்தால், குமிழ் விட்ட இடத்திலேயே நின்றது. கருவியும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கிற்று. அடுத்தவர் குமிழைத் திருப்பிவிட்டால் மட்டுமே அந்நினைவு கெடும். அதற்கு அஞ்சியே ஆய்வுகூடங்களிற் குமிழ் நிலைகளைக் கொப்பியில் எழுதிவைத்தனர். திரையை நிழற்படம் பிடித்தவர்கள், ஒரு கட்டத்துக்கு இத்தனை உவோற்று, இத்தனை மில்லிசெக்கன் என்று அப்படத்தின் ஓரத்திற் பேனையாற் குறித்துவைத்தனர்.

1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நுண்செயலிகள் சோதனைக் கருவிகளினுள்ளும் நாளடைவிற் புகுந்தன. அதன்பின் குமிழின் இயல்பு அடியோடு மாறியது. இக்காலக் கருவியின் குமிழுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எத்தனை முறையும் சுற்றலாம். சுற்றும்போது அது, "ஒரு படி வலம், ஒரு படி இடம்" என்று நுண்செயலிக்குச் செய்தி அனுப்புகின்றது. நுண்செயலி அதனைக் கூட்டியோ கழித்தோ ஓர் எண்ணாக நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றது. அமைவு இப்பொழுது குமிழில் இல்லை. நினைவகத்தில் எழுதப்பட்ட எண்களில் இருக்கின்றது. இதனால் விளைந்த நன்மை பெரிது. எண்களாக இருப்பதனை ஒரு நொடியிற் பிரதி செய்யலாம், பெயரிட்டு வைக்கலாம், வேண்டும்போது மீட்டழைக்கலாம். விளைந்த ஆபத்தும் உண்டு. நினைவகம் மறந்தால் கருவியின் முகத்தைப் பார்த்து எதையும் அறிய முடியாது.

அவ்வாறாயின் நினைவகம் எத்தன்மையது? அதனை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம். இது கரும்பலகை போன்றது. விரைவாக எழுதலாம், விரைவாக அழிக்கலாம். மின் நின்ற கணத்தில் எழுதியது யாவும் மறையும்.

இரண்டாவது, அதே வகை நினைவகத்துக்குச் சிறிய இலிதியம் மின்கலம் ஒன்றைத் துணையாக வைத்தது. கருவியை நிறுத்தினாலும் அம்மின்கலம் மிகச் சிறிதளவு மின்னை ஊட்டி எண்களைக் காத்துநிற்கும். காவல் நல்ல காவல்தான்; ஆனால் காவலனுக்கு வயது உண்டு. பத்து ஆண்டுகளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சென்றபின் மின்கலம் ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, மின்கலத்தின் துணை வேண்டாத நினைவகம். நாற்புறமும் காவலிப் பொருளாற் சூழப்பட்ட ஒரு சிறு தீவினுள் இலத்திரன்களைச் சிறைவைத்து, அவை இருப்பதையும் இல்லாததையும் கொண்டு செய்தியைக் குறிப்பதே அதன் தத்துவம். 1967ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டாவொன் காங், சைமன் சே என்னும் இருவர் இக்கருத்தை வெளியிட்டனர். ஜப்பானியரான புஜியோ மசுவோக்கா, தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில், 1984ஆம் ஆண்டில் பிளாஷ் என்னும் நினைவகத்தை அறிமுகஞ் செய்தார். உங்கள் கைத்தொலைபேசியில் நிழற்படங்கள் தங்கியிருப்பதும் அவ்வகை நினைவகத்திலேயே. மின் இன்றியே பல ஆண்டுகள் அது செய்தியைக் காக்கும். எனினும் அழித்து எழுதும்தோறும் அக்காவலிச் சுவர் சிறிது சிறிதாகத் தேய்வதால், எத்தனை முறையும் எழுதலாம் என்பதில்லை.

இவ்வகை நினைவகங்கள் நடைமுறையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதற்குப் பல ஆய்வுகூடங்களில் இன்றும் காணப்படும் டெக்ட்ரோனிக்ஸ் டி.டி.எஸ். 2000 வரிசை அலைவுகாட்டியைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். கடைசியாக ஏதேனுமொன்றை மாற்றியபின் ஐந்து செக்கன்கள் பொறுத்து அக்கருவியை நிறுத்தினால், நடப்பிலுள்ள அமைவை அது தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். மறுமுறை மின் கொடுத்ததும் அதே அமைவுடன் விழித்தெழும். ஐந்து செக்கன் பொறாது நிறுத்தியவர் கடைசி மாற்றத்தை இழப்பார். இதுவன்றி, நாமே விரும்பிப் பதிந்து வைப்பதற்குப் பத்து இடங்களும் உள்ளன. மூன்றாம் இடத்தில் ஓர் அமைவை வைத்தால், மறுபடி அவ்விடத்தில் வேறொன்றை எழுதும்வரை அது நிலைத்திருக்கும். முகப்பிலுள்ள மற்றொரு பொத்தான் கருவியைத் தொழிற்சாலையில் வகுத்த பொது அமைவுக்குக் கொண்டுசெல்லும். அப்பொத்தானை அழுத்துவதால் நாம் பதிந்து வைத்த அமைவுகள் அழிவதில்லை. முன்னர் யார் எதனைத் திருப்பிவைத்தார் என்று தெரியாத கருவியின் முன் அமரும் மாணவருக்கு அப்பொத்தான் ஒரு நல்ல தொடக்கம்.

கருவிக்குள்ளேயே இருக்கும் நினைவுக்கு இரண்டு குறைகள் உண்டு. இடம் சிறிது, கருவி கெட்டால் நினைவும் அதனுடன் கெடும். ஆகவே அமைவைக் கருவிக்கு வெளியே எடுத்துச் செல்ல வழி வேண்டியதாயிற்று. 1990களில் வெளிவந்த பல அலைவுகாட்டிகளில், பிளாப்பி என வழங்கும் நெகிழ்வட்டைச் செருகுதற்குரிய வாய் ஒன்று அமைந்திருந்தது. மூன்றரை அங்குல அகலமுள்ள அவ்வட்டில் 1.44 மெகாபைற்று அளவு எழுதலாம். இக்காலக் கணக்கில் அது மிகச் சொற்பம். ஆயினும் ஓர் அமைவு சில ஆயிரம் எழுத்துகளுள் அடங்கிவிடுமாதலால், ஒரே வட்டிற் பல அமைவுகளை வைக்கலாம். வட்டைச் சட்டைப்பையில் இட்டுச் சென்று அதே வகையான மற்றொரு கருவியிற் செருகினால், அக்கருவியும் முதற் கருவியைப் போலவே நிற்கும்.

ஆனால் நெகிழ்வட்டின் காலம் கழிந்துவிட்டது. 2011ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்தியது. பூஞ்சணமும் ஈரமும் காந்தமும் பழைய வட்டுகளைக் கெடுத்து வருகின்றன. கருவி செவ்வனே இயங்க, அதற்குரிய வட்டுக் கிடையாமையால் அமைவுகள் சிறைப்பட்டிருக்கும் நிலை பல இடங்களில் உண்டு. பின்வந்த கருவிகளில் நெகிழ்வட்டின் இடத்தை யூஎஸ்பி நினைவுக்கோல் பிடித்துக்கொண்டது. அதன் காலமும் ஒருநாட் கழியும் என்றே நாம் எண்ணிக்கொள்ள வேண்டும்.

வட்டை எடுத்துச் செல்லாது கம்பி வழியாகவே அமைவைக் கணினிக்கு அனுப்பும் முறையும் உண்டு. ஹியூலெற் பக்காட் நிறுவனம் தன் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்காக வகுத்த முறை, 1975ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 488 என்னும் பொது நியமமாயிற்று. 1987ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பகுதி, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளும் விளங்கிக்கொள்ளத்தக்க பொதுவான ஆணைகளை வகுத்தது. எஸ்-ஏ-வி என்ற மூன்றெழுத்துடன் ஓர் எண்ணை அனுப்பினால், நடப்பு அமைவை அவ்வெண்ணுள்ள இடத்திற் பதி என்பது பொருள். ஆர்-சி-எல் என்றால் அங்கிருப்பதை மீட்டழை என்பது பொருள். எல்-ஆர்-என் என்று வினவினால், அவ்வாணையை அறிந்த கருவி தன் அமைவு முழுவதையும் எழுத்துகளாக வெளியே ஒப்புவிக்கும். கருவி தன் நினைவைத் தானே சொல்லச் சொல்ல நாம் எழுதிக்கொள்ளும் வகை இது.

கலைத்துறை பயின்ற என்போன்றோருக்கு இவ்விடத்தில் ஏட்டுச்சுவடிகளின் நினைவு வருவது இயல்பே. பனையோலை சில நூற்றாண்டுகள் நிற்கும், பின்னர் செல்லரிக்கும். நம் முன்னோர் ஓலையின் ஆயுளை நம்பியிராது, அது சிதையுமுன் புதிய ஓலையிற் பிரதி செய்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோதும் இதனையே செய்தார். அழியும் ஏட்டிலிருந்து, அக்காலத்துக்குரிய புதிய பொருளுக்கு நூலை மாற்றினார். நூல் வாழ்ந்தது ஓலையின் வலிமையாலன்று, பெயர்த்தெழுதியவரின் கவனத்தால். நெகிழ்வட்டில் உள்ளதை நினைவுக்கோலுக்கும், நினைவுக்கோலில் உள்ளதைக் கணினிக்கும் காலந்தோறும் பெயர்த்து வைப்பவர் அப்பழைய கடமையையே செய்கின்றார்.

இனி, பதிந்து வைத்த அமைவை எவ்வளவுக்கு நம்பலாம் என்னும் மூன்றாம் வினாவுக்கு வருவோம். உயிருக்கும் பொருளுக்கும் தீங்கு நேரக்கூடிய இடம் இதுவே.

கருவி நினைவில் வைத்திருப்பது தன் அமைவை. தன்னோடு வெளியே இணைக்கப்பட்ட கம்பிகளைப் பற்றி அதற்குப் பெரும்பாலும் ஒன்றுந் தெரியாது. அலைவுகாட்டியுடன் புரோப் எனப்படும் தொடுமுனை ஒன்று இணைக்கப்படும். வரும் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து அனுப்பும் தொடுமுனை உண்டு. குறைக்காது அனுப்புவதும் உண்டு. சிறிய ஆளி ஒன்றினால் இரண்டு விதமாகவும் மாற்றத்தக்கதும் உண்டு. பத்தில் ஒன்றாகக் குறைந்து வருகின்றது என்று கருவிக்குத் தெரிவித்தால், அது பத்தாற் பெருக்கி உண்மை அளவைக் காட்டும். நேற்றொருவர் குறைக்காத தொடுமுனையுடன் வேலை செய்து அந்த அமைவைப் பதிந்து வைத்தார் என்க. இன்று மற்றொருவர் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் தொடுமுனையை மாட்டிவிட்டு, அதே அமைவை மீட்டழைக்கின்றார். மின்வழங்கி ஒன்றினுள்ளே 300 உவோற்று தேங்கிநிற்கும் கொள்ளளவி ஒன்றை அவர் தொடுகின்றார். திரை 30 உவோற்று என்று காட்டும். 30 உவோற்றுத்தானே என்று அவர் கையை வைத்தால் விளைவு யாதாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கருவி பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதையே திருப்பிச் சொன்னது.

சில கருவிகள் தொடுமுனையின் வகையைத் தாமே உணரும். ஆனால் ஆளியால் மாற்றத்தக்க தொடுமுனையில் ஆளி எப்பக்கம் நிற்கின்றது என்பதை அவை பெரும்பாலும் அறியா. அதனைக் கண்ணாற் பார்த்துத்தான் அறிதல் வேண்டும்.

அளக்கும் கருவியின் தவறு பார்வையில் நின்றால், மின்னை வழங்கும் கருவியின் தவறு செயலிலேயே முடியும். ஆய்வுகூட மின்வழங்கிகளிலும் அமைவுகளைப் பதிந்து வைக்க இடங்கள் உள்ளன. 5 உவோற்று வேண்டும் சுற்று ஒன்றை இணைத்துவிட்டு, 12 உவோற்றுக்குரிய இடத்தின் எண்ணை மறதியால் அழுத்தினால், அச்சுற்றின் உறுப்புகள் கருகிப்போகலாம். ஆகவே முதலில் மீட்டழைத்து, திரையிலுள்ள எண்களைப் படித்துப் பார்த்து, அதன் பின்னரே சுற்றை இணைப்பது முறை.

வேறொரு நினைவும் இக்கருவிகளினுள் உறைகின்றது. அது நாம் எழுதியதன்று. தொழிற்சாலையிலோ நியம ஆய்வுகூடத்திலோ எழுதியது. கருவியின் சிறு பிழைகளைத் திருத்தும் எண்கள் அங்கே உள்ளன. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ஹியூலெற் பக்காட் 3458ஏ என்னும் மிக நுண்ணிய பல்மானி அவ்வெண்களை மின்கலத்தின் காவலில் உள்ள நினைவகத்திலேயே வைத்திருந்தது. 1980களில் வந்த டெக்ட்ரோனிக்ஸ் 2465பி அலைவுகாட்டியின் பிற்பட்ட பிரதிகளும் அவ்வாறே. பல ஆண்டுகள் சென்று மின்கலம் ஓய்ந்தால் அவ்வெண்கள் அழியும். கருவி இருந்தும் அதன் தராதரம் போய்விடும். அவற்றை மீண்டும் பெறுவதற்கு நியமக் கருவிகளோடு ஒப்பிட்டு முழுமையாகச் செப்பஞ்செய்தல் வேண்டும். அறிந்தவர்கள் மின்கலம் ஓயுமுன் அவ்வெண்களைப் பிரதி எடுத்து வைத்து, நினைவகத்தைக் காலத்தே மாற்றிவிடுகின்றனர்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, அமைவைப் பேணுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் தெளிவாகும். ஓர் அமைவைப் பதியுமுன் கருவியைப் பொது அமைவுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து தொடங்குதல் நன்று. முன்னையவர் விட்டுச்சென்ற அறியாத மாற்றங்கள் அதனுட் கலவா. பலர் புழங்கும் ஆய்வுகூடத்தில் எவ்விடம் எவருக்குரியது என்று கருவியின் அருகில் ஒரு தாளில் எழுதி ஒட்டுதல் வேண்டும். இல்லையேல் ஒருவரின் மூன்றாம் இடத்தை மற்றொருவர் அழித்து எழுதுவார். கருவிக்குள் ஒரு பிரதியும் வெளியே ஒரு பிரதியும் இருத்தல் வேண்டும். அமைவுக் கோப்புக்குப் பெயரிடும்போது, திகதியும் செய்த வேலையும் விளங்கப் பெயரிடுதல் வேண்டும். ஒரு மாதிரிக்கு எழுதிய அமைவை மற்றொரு மாதிரி ஏற்காமற் போகலாமாதலால், கருவியின் மாதிரி எண்ணையும் குறித்தல் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கொப்பி வேண்டும். கருவி அறியாத செய்திகளை அதில் எழுத வேண்டும்: எந்தத் தொடுமுனை மாட்டப்பட்டது, அதன் ஆளி எப்பக்கம் நின்றது, சுற்றின் எப்புள்ளியில் அளக்கப்பட்டது, எதனை அறிவதற்காக அளக்கப்பட்டது. இவற்றை எந்த வட்டும் தானாக எழுதிக்கொள்வதில்லை. பாடசாலைச் செய்முறைக் கொப்பியில் விடையை மட்டும் எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம், "எப்படி அளந்தாய்?" என்று ஆசிரியர் கேட்பதன் காரணமும் இதுவே. அக்கேள்வியிற் கண்டிப்பைவிடக் கல்வியே மிகுதியாக உள்ளது.

பொத்தான் ஒன்றை அழுத்தினால் நேற்றைய நிலையை இன்றைக்கு அழைத்துவரும் வசதி நமக்குக் கிடைத்திருக்கின்றது. அது பெருங்கொடையே. ஆயினும் கருவி நேற்றைய அமைவைத்தான் அழைத்துவரும். நேற்றைய கம்பிகளை அழைத்துவராது. இன்றைய கம்பிகளைப் பார்க்கும் கடமை அதன் முன் நிற்கும் மனிதருக்கே உரியது. அமைவைக் கருவியிடம் ஒப்படைப்போம். கவனத்தை நம்மிடமே வைத்துக்கொள்வோம்.